பாதிக் கோயில் எங்களுக்கு வேண்டாம்

விட்டுக்கொடுங்கள், விட்டுக்கொடுங்கள் என்கிறீர்களே, எங்களிடம் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது ஐயா?

மாரியம்மன் கோயிலுக்குள் போய்க் கும்பிட வேண்டும் என்றோம். வேறெதுவும் கேட்கவில்லை. காலனிக்காரன் படியேறக் கூடாது என்றது ஊர்த்தெரு. தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். "நீங்க உள்ள போகணுங்கிறீங்க, அவங்க வரவே கூடாதுங்கிறாங்க. பொதுவா ஒரு முடிவுக்கு வருவோம். வாசல்ல நின்னு கும்பிடுங்க, பூசாரி திருநீறு கொண்டாந்து குடுப்பாரு" என்றார் அதிகாரி. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வாசலில்தானே நிற்கிறோம்? அதையே புது ஏற்பாடு என்று எங்கள் கையில் கொடுத்தார்.

நாங்கள் ஒப்பவில்லை. உடனே மளிகைக் கடையில் எங்களுக்குச் சாமான் கிடையாது என்றார்கள். வயல் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கைக்குழந்தைக்குப் பால் வாங்கப் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள் எங்கள் பெண்கள். மறுபடி கூட்டம். இந்த முறை சொல்லப்பட்ட பொது முடிவு வேறு: அவர்கள் கடையைத் திறந்துவிட வேண்டும், வேலை கொடுக்க வேண்டும், நாங்கள் கோயில் பேச்சையே விட்டுவிட வேண்டும். முதல் கூட்டத்தில் கோயில் வாசல்வரை வந்த நியாயம், அடுத்த கூட்டத்தில் மளிகைக் கடையோடு நின்றுவிட்டது! நாங்கள் கேட்டது மாறவில்லை. அவர்கள் செய்த கொடுமைதான் கூடியது. கொடுமை கூடக்கூட, நடு என்கிற இடமும் அவர்கள் பக்கமே நகர்ந்தது. யார் அதிகம் மிரட்டுகிறாரோ அவர் பக்கம் சாய்கிற இந்த நடுவை நியாயம் என்று எப்படி நம்புவோம்?

வரப்புத் தகராறு என்றால் அளந்து பாதி பாதியாகப் பிரிக்கலாம். இருவருக்கும் நிலத்தில் பாத்தியதை உண்டு. கூலிப் பேச்சில் அவர் கொஞ்சம் ஏறலாம், இவர் கொஞ்சம் இறங்கலாம். கோயில் நுழைவு அப்படியா? சென்னை மாகாணத்தில் 1947-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. பாதித் தீண்டாமைக்கு அதில் இடமே இல்லை. சட்டப்படி நடக்கச் சொல்கிறவனையும் சட்டத்தை மிதிக்கிறவனையும் எதிரெதிரே உட்காரவைத்து, இருவரையும் பாதி வழி இறங்கி வரச் சொன்னால், இழப்பு யாருக்கு?

எங்கள் ஊரோடு முடிகிற கதை இல்லை இது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், 2023 ஏப்ரல் திருவிழாவின்போது திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன, பலிக்கவில்லை. ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார் கோட்டாட்சியர். அதற்கு எடுத்த சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆவது பிரிவு. நிலம், நீர் யார் கையில் இருக்கிறது என்ற தகராறுகளுக்கு இருந்த பிரிவு அது. இருவருக்கும் இல்லை, ஆகவே இருவரும் சமம் என்று கணக்கு. தலித் உள்ளே வரக் கூடாது என்றவர்கள் கேட்டது அன்றைக்கு நடந்துவிட்டதே! 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவால் திறந்தபோதும் பூசைக்கு மட்டும்தான். எல்லோரும் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்திலும் இதே கணக்குதான். தலித்துகளை ஒதுக்கி 1989-இல் எழுந்த சுவரில், 2008 மே 6 அன்று சுமார் 15 அடியை இடித்து வழி விட்டார்கள். இடித்த 15 அடி தீண்டாமைச் சுவர் என்றால், இடிக்காமல் விட்டது என்ன சுவர்?

எங்கள் ஊரிலும், கோயில் கேட்டதற்காக அடிபட்ட பையன் ஒருவன் மண்டை உடைந்து, தையல் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மேலும் கவுண்டர் கேஸ் போட்டார்கள். அப்புறம் இரண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், சரியாய்ப் போகும் என்றார்கள். உடைந்த மண்டையும் இல்லாத குற்றமும் ஒன்றுக்கொன்று கழிந்துபோகுமா? மறுநாள் செய்தியில் 'இரு தரப்பினர் மோதல்'. அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். என்னோடு படித்த, நல்லவர்கள் என்று நான் நம்பிய நண்பர்கள், "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கும்டா" என்றார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் பக்கம் என்ன தப்பு என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. விசாரிக்காமலே நடுவில் நின்றுகொண்டார்கள்.

அதிகாரிகளே, இன்னொரு சமாதானக் கூட்டத்துக்கு எங்களை அழைக்காதீர்கள். கோயிலுக்குள் போகவிடாமல் தடுப்பதும் ஊர்விலக்கம் செய்வதும், 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தடுத்தவர்கள் மேல் அந்தச் சட்டப்படி வழக்குப் போடுங்கள். அடிபட்டவன் மேல் போட்ட பொய் வழக்கை எடுங்கள். பத்திரிகைக்காரர்களே, அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்று விசாரித்து எழுதுங்கள். கோயில் கதவை எங்களுக்கும் முழுதாகத் திறந்துவிடுங்கள்.