பெயரைப் போட்டால் ஆள் தெரியுமா?

அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்த சமயம். குறுவை நெல் கொள்முதல் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுத்த அம்மாள் நெல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு வேறொரு விஷயத்தை ஆரம்பித்தார்.

அவருடைய பேத்தி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பாபநாசத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய் வருகிறாள். நெடுநாள் ஓட்டிய டிரைவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார்.

"ஆள் எப்படின்னு யாருக்கும் தெரியல்லே, தம்பி. அமெரிக்காவிலே என் தங்கச்சி மகன் வீடு வாங்கறதுக்கு முந்தி, கைபேசியிலே அந்தத் தெருவைத் தட்டிப் பார்த்தானாம். பெண் பிள்ளைங்ககிட்டே தப்பா நடந்து ஜெயிலுக்குப் போனவன் எவன் எவன் அங்கே குடியிருக்கான்னு படத்தோட வந்துதாம். நீங்க பேப்பர்காரர், சொல்லுங்க. நம்ம ஊர்லே அப்படிப் பார்க்க முடியாதா?"

முடியாது. ஆனால் நம் நாட்டில் அத்தகைய பதிவேடே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் அதைத் தொடங்கி வைத்தது. பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் என்று பெயர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. தொடங்கிய அன்றே சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பதிவுகள் இருந்தன. குற்றவாளியின் பெயர், விலாசம், புகைப்படம், கைரேகை எல்லாம் அதில் ஏறும். பலாத்காரம், கூட்டு பலாத்காரம், குழந்தைகள் மீதான குற்றம், பெண்களைச் சீண்டுதல் ஆகியவற்றில் தண்டிக்கப்பட்டவர்களுக்காக ஏற்பட்ட பதிவேடு அது. போலீஸாரும் புலன் விசாரணை செய்யும் அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்கலாம். அய்யம்பேட்டை அம்மாள் பார்க்க முடியாது; நானும் பார்க்க முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. கலிபோர்னியா மாநிலம் 1947-லேயே இப்படிப்பட்ட பதிவை ஆரம்பித்தது. அது வெகு காலம் போலீஸ் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த பதிவுதான். 1994-ல் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் மேகன் என்ற 7 வயதுச் சிறுமியை எதிர் வீட்டுக்காரன் கெடுத்துக் கொன்றான். அவன் முன்பே இதே மாதிரிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் என்பது அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "தெரிந்திருந்தால் என் குழந்தை இருந்திருப்பாள்" என்று பெற்றவர்கள் கதறினால் யாரால் மறுத்துப் பேச முடியும்? 1996-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது, பெட்டி திறந்தது.

அங்கே நடைமுறை இப்படி: தண்டனை முடிந்து வெளியே வருகிறவன் உள்ளூர்ப் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் விலாசம், வேலை செய்யும் இடம், படிக்கும் இடம் எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். வீடு மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். 2006-ஆம் வருஷச் சட்டம் குற்றத்தின் கடுமையைப் பார்த்து மூன்று படிகள் வகுத்தது. முதல் படியில் 15 வருஷம், இரண்டாவதில் 25 வருஷம், மூன்றாவதில் ஆயுள் பூராவும். கடைசிப் படியில் உள்ளவன் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நேரில் ஆஜராக வேண்டும். இந்தப் பட்டியல்களில் பெரும் பகுதி இணையத்தில் எவரும் தேடக்கூடியதாக இருக்கிறது. தங்கை மகன் தட்டிப் பார்த்தது அதைத்தான்.

இதனால் குற்றம் குறைந்ததா? அந்த நியூ ஜெர்ஸி மாநிலத்திலேயே கணக்குப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான ஆராய்ச்சி, சட்டத்தால் மறுபடி குற்றம் செய்வது குறைந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. வேறு ஒரு விளைவு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. மயாமி நகரத்தில் பள்ளிக்கூடத்துக்கு இத்தனை தூரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். விடுதலையானவர்களுக்கு எங்குமே வீடு கிடைக்கவில்லை. கடைசியில் கடற்கழி மேல் கட்டிய ஒரு பாலத்தின் அடியில் டஜன் கணக்கில் ஆட்கள் வருஷக் கணக்காகக் குடியிருந்தார்கள். இவர்கள் மேல் இரக்கம் வரவில்லை என்றால் வர வேண்டாம். விலாசமில்லாத ஆளைப் போலீஸ் எப்படிக் கண்காணிக்கும் என்பது மட்டும் யோசிக்க வேண்டியது.

நம் ஜில்லாக்காரர்களுக்குப் பதிவேடு புதிதல்ல. வம்புக்காரனைக் "கேடி" என்கிறோமே, அது போலீஸ் நிலைய ரிஜிஸ்டரிலிருந்து தெருவுக்கு வந்த சொல். "நோன் டிப்ரடேட்டர்" என்று இங்கிலீஷில் எழுதி, தலையெழுத்துக்களைக் கே.டி. என்று சுருக்கினார்கள். ஊர் ஜனங்கள் அதைத் தமிழாகவே ஆக்கிக்கொண்டார்கள்! இதைவிடப் பெரிய பதிவும் இருந்தது. 1871-ல் ஏற்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானியிலும் அமலுக்கு வந்தது. செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த ஜாதிக்காகப் பெயரை எழுதினார்கள், கைரேகை எடுத்தார்கள். பதிவானவன் ஊரை விட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கி வெடித்தது. தஞ்சை வட்டாரத்திலும் அந்தச் சட்டத்தின் நிழல் விழுந்தது. சீர்மரபினர் என்று சர்க்கார் இன்று வைத்திருக்கும் ஜாதிப் பட்டியலில் கந்தர்வக்கோட்டைக் கள்ளர் என்ற பெயரைப் பார்க்கலாம். இந்த ராஜதானியில் சட்டம் 1947-லேயே ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952-ல். ஆனால் ஒரு தடவை ஏட்டில் ஏறிய பெயர் எத்தனை தலைமுறைக்கு அழியாமல் நின்றது என்பதை இங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவனையும் ஜாதியால் பதியப்பட்டவனையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வைக்கவில்லை. ஏடு யார் கையில் இருக்கிறது என்பது முக்கியம் என்கிறேன்.

அந்தத் தேசியப் பதிவேடு தொடங்கிய அதே 2018-ல், தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. மே மாதம் திருவண்ணாமலை ஜில்லாவில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு கிழவி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. கைபேசியில் வந்த வெறும் பேச்சுக்கே இந்தக் கதி என்றால், சர்க்கார் முத்திரையுடன் பெயரும் படமும் வந்தால் என்ன ஆகும்? அதிலும் நம் பெயர்கள்! கோவிந்தசாமி மகன் முருகன் என்று தேடினால் தஞ்சை ஜில்லாவில் ஒரு தாலுகாவுக்கு எத்தனை முருகன் அகப்படுவான் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிட வேதனையானது. வருஷா வருஷம் குற்ற ஆவணக் காப்பகம் போடும் கணக்கில், 2022-ல் பதிவான பலாத்கார வழக்குகள் 31,516. இந்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குற்றவாளி பெண்ணுக்கு ஏற்கனவே தெரிந்தவன்தான் என்பதையும் அந்தக் கணக்கே ஆண்டுதோறும் சொல்கிறது. அறுவடைக் காலத்தில் இயந்திரத்தோடு வரும் வெளியூர் டிரைவரையும் நடவுக்கு வரும் வடநாட்டு ஆளையும் கண்டால் பெண் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம். மாமன், சித்தப்பன், அடுத்த வீட்டுக்காரன், டியூஷன் வாத்தியார் என்று வந்தால் திண்ணையில் பாய் விரிக்கிறோம். அப்பனே குற்றவாளியாகும் வழக்குகளும் உண்டு. அவன் பெயரைப் பகிரங்கமாகப் போட்டால், மகள் யார் என்று நூறு வீடு உள்ள கிராமத்தில் யாருக்குத் தெரியாது? பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம் என்கிறது சட்டம். இறந்துபோனாலும் பெயரைச் சொல்லக் கூடாது என்று 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி வற்புறுத்தியது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்றச் சொன்ன 2016-ஆம் வருஷத் தீர்ப்பிலும் பாலியல் வழக்குகளுக்கு விலக்கு உண்டு. அப்படியும் 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் வழக்கில் அறிக்கை வெளியே கசிந்தது; அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்ட ஈடு கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடிய பெட்டியிலிருந்தே ஒழுகுகிறது!

அப்படியானால் அம்மாளின் கேள்விக்கு வழியே இல்லையா? இங்கிலாந்தில் ஒரு நடு வழி கண்டிருக்கிறார்கள். 2008-ல் நான்கு வட்டாரங்களில் சோதனை செய்து, 2011-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். குழந்தையோடு பழகும் ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிப் பெற்றவர் போலீஸிடம் கேட்கலாம். போலீஸ் விசாரித்து, ஆபத்து உண்டு என்று கண்டால் குழந்தையைக் காப்பாற்றக் கூடியவருக்கு மட்டும் சொல்லும். அவர் அதை ஊரெல்லாம் பரப்பக் கூடாது. என் அபிப்பிராயத்தில் நமக்குப் பொருந்தக் கூடியது இதுதான். பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் விடுகிற முறை அல்ல.

இதற்குக் கிட்டத்தட்ட ஒன்று இங்கேயும் உண்டு, பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு போலீஸாரின் இணையத் தளத்தில் நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கு வைப்பவர் வேலையாளைப் பற்றியும், வீட்டுக்காரர் குடித்தனக்காரரைப் பற்றியும் கட்டணம் கட்டிக் கேட்கலாம். வழக்கு இருக்கிறதா என்று போலீஸார் தம் ஏடுகளைப் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் டிரைவரை வேலைக்கு வைத்தது வேன் முதலாளி, பாட்டி அல்ல. ஆகவே கேட்க வேண்டியவர் அவர். அவரைக் கேட்க வைக்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்.

அந்தச் சீட்டு வந்தாலும் முழு நிம்மதி வராது. புகார் ஆகாத குற்றம் எந்த ஏட்டிலும் இருக்காது. 2012 நவம்பர் 14 முதல் அமலில் உள்ள போக்ஸோ சட்டத்தின்படி, குழந்தைக்கு நேர்ந்த குற்றத்தை அறிந்தவர் எவரானாலும் போலீஸுக்குச் சொல்லியே தீர வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை. 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் போன் செய்யலாம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பட்டுக்கோட்டையிலும் அனைத்து மகளிர் போலீஸ் நிலையங்கள் இருக்கின்றன. இத்தனை இருந்தும், "பெண் பிள்ளை விஷயம், வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது" என்று நாலு பெரிய மனிதர்கள் கூடிப் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுகிற ஊர்கள் இன்னும் உண்டு. கேஸ் கோர்ட்டுக்குப் போன பிறகும் சாட்சி பிறழ்வது உண்டு. அப்படித் தப்பியவன் பெயர் டில்லியில் உள்ள பதிவேட்டில் சேராது. அமெரிக்க மாதிரி எல்லாவற்றையும் திறந்து போட்டாலும் அவன் படம் வராது.

இதையெல்லாம் அம்மாளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, வேன்காரர்கிட்டே நாங்க அஞ்சாறு பேராப் போய்க் கேக்கறோம்" என்றார். உள்ளே பேத்தி வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறாள், கடைசியாக இறங்குவது யார், டிரைவர் மாமா என்ன பேசுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். குழந்தை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.