பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில்

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கங்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல உண்டு. அவற்றில் நம் சேரிகளிலிருந்து சிப்பாயாகப் போனவர்களின் குடும்பங்களும் உண்டு. தேய்ந்த முதுகெலும்போடும் தூக்க முடியாத தோளோடும் ஊர் திரும்பியவர்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ராணுவத்தில் ஊன ஓய்வூதியம் பெற இரண்டு நிபந்தனைகள். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அது பணியால் வந்திருக்க வேண்டும், அல்லது பணியால் கூடியிருக்க வேண்டும். மருத்துவக் குழு '15 முதல் 19' என்றோ, 'பணிக்குத் தொடர்பில்லை' என்றோ எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று நம்மவர்கள் காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

கதை முடியவில்லை. சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த ஊனம் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரன் மேல் இல்லை என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 50க்குக் கீழுள்ள விழுக்காட்டை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பானது. 19க்கும் 20க்கும் நடுவில் கிடக்கும் தொகை எவ்வளவு என்று இப்போது புரியும்.

மருத்துவக் குழு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு இரண்டாவது, அதன்பின் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. காலம் கடந்தவர்களுக்கும் வாசல் அடைபடவில்லை. 1983இல் வெளியேற்றப்பட்ட தர்செம் சிங் 1999இல்தான் நீதிமன்றம் போனார். 2008இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நிலுவையை மூன்றாண்டாகக் குறைத்ததே தவிர உரிமையை மறுக்கவில்லை. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன; அவற்றைப் படித்த பிறகே மனு எழுத வேண்டும்.

வக்கீலுக்குப் பணம்? 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி தருகிறது. செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம். அது தயவல்ல, உரிமை.

அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலும் ராணுவ சுபேதார்தான். ராணுவச் சம்பளமும் ஓய்வூதியமும் ஒரு தலித் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் முதுகைப் பிடித்தபடி நடக்கும் ராணுவத்துத் தாத்தாவிடம் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காகிதத்தை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். மனுவை நாம் சேர்ந்து எழுதுவோம்.