கன்னடம் தெரிந்த யானை

மலையேறத்தான் போனேன். கடைசியில் ஏறியது பரண். அதுவும் எட்டடி உயரம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது சூளகிரியைத் தாண்டியவர்களுக்கு அந்த மலை நினைவிருக்கும். மூன்று முனையோடு சூலம் மாதிரி நிற்கும் பாறை. ஊருக்குப் பெயரே அதனால்தான் என்பார்கள். என் மனைவியின் தாய்மாமா வீடு அதன் அடிவாரத்துக்கு அந்தப் பக்கம். டிசம்பர் லீவில் இரண்டு நாள் தங்கி மலையேறுவது என்று திட்டம். அதற்காக விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வருகிற அளவுக்கு ஒரு ஷூ, நெற்றியில் கட்டுகிற லைட், முதுகுப் பை எல்லாம் வாங்கியிருந்தேன்.

வாசலில் இறங்கியதும் மாமா என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "மலை எங்கயும் போயிடாது மாப்பிள்ளை. ராத்திரி காவலுக்கு ஆள் இல்ல. வர்றீங்களா?"

அறுவடைக்குப் பத்து நாள் இருந்த ராகி. ஒன்றரை ஏக்கர். நடுவில் வரிசையாக அவரை. ராகி முற்றுகிற வாசனை எப்படித்தான் போய்ச் சேருமோ, வருடா வருடம் இந்தச் சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் கிளம்பிவிடும். ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை காடுகள் வழியாக இறங்கி, ஓசூர் பக்கத்து சானமாவு காட்டில் முகாம் போடும். அங்கிருந்து ஒன்றிரண்டு சூளகிரி வரை எட்டிப் பார்க்கும். இடையில் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது. வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் லாரிகளை நிறுத்திவிட்டு யானைகளுக்கு வழிவிடுவார்கள். நமக்கு ஓசூர் சிக்னலில்கூட அந்த மரியாதை கிடையாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தை களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டு அனுப்பினார். பரணைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம்.

"மாமா, கொஞ்சம் உயரம் கம்மியோ?"

"ஏறி இறங்க முட்டி வலிக்குது மாப்பிள்ளை."

மேலே கம்பளி விரித்திருந்ததால் ஷூவைக் கழற்றிக் கீழேயே வைக்கச் சொன்னார். நெற்றி லைட்டையும் அணைக்கச் சொல்லிவிட்டார். ஆக, நான் வாங்கிய சாமான்களில் உபயோகப்பட்டது முதுகுப் பை மட்டும். தலைக்கு வைத்துக்கொண்டேன்.

சுற்றி எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள், தீப்பந்தம் காட்டுவார்கள். "சில பேர் கம்பியில கரண்டை விட்டுடுறாங்க" என்றவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. 2023 மார்ச்சில் பக்கத்து தர்மபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்துப்போயின. கூட இருந்த இரண்டு குட்டிகள்தான் பிழைத்தன. "நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன். ராகி அடுத்த வருஷமும் விளையும்" என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது அவர் கண் வயலை விட்டு நகரவில்லை.

யானை வந்தால் பூமி அதிரும் என்று சினிமா பார்த்து நம்பியிருந்தேன். பொய். உள்ளங்கால் முழுக்க மெத்தை அதற்கு. பூனை மாதிரி வரும். இரண்டு மணி வாக்கில் என்னை எழுப்பியது வேறு சத்தம். 'சரக்'கென்று ஒரு பிடுங்கல், பிறகு 'டப், டப்'. ராகியைக் கொத்தாகப் பிடுங்கி, முன்னங்காலில் அடித்து மண்ணை உதறிவிட்டு வாயில் போடுகிறது. என்ன சுத்தம்! என் பிள்ளைகள் கையே கழுவ மாட்டார்கள்.

இருட்டுக்குள் அதைவிட இருட்டாக ஒன்று நகர்ந்தது. ஒற்றைக் கொம்பன்.

"வெடி இருக்கே மாமா" என்றேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"கூட்டமா வந்தா வெடி. ஒத்தையா வர்றவன்கிட்ட விளையாடக் கூடாது" என்று காதோடு சொன்னவர், வனத்துறை ஆளுக்கு போனில் தகவல் சொன்னார். அவர்கள் சானமாவு பக்கம் கூட்டத்தின் பின்னால் இருந்தார்கள். வர நேரமாகும். கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். "ஹோகப்பா... ஹோகு சாமி... சாகு, ஹோகு."

வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ் பேசுகிற மனிதர் அவர்.

"எதுக்கு மாமா கன்னடம்?"

"பன்னேர்கட்டாவுல பொறந்தவன். தமிழ் எப்படிப் புரியும்?"

யானைக்குக் கன்னடமும் புரிந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டை நிறுத்திவிட்டு நேராகப் பரணை நோக்கி வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கீழே நின்று மோந்து பார்த்தது. அதன் மூச்சில் பச்சை ராகி வாசனை அடித்தது. பரண் கால் ஒன்று லேசாக ஆடியது. மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவர் கை நடுங்கவில்லை என்று எழுத ஆசை. நடுங்கியது.

பிறகு ஒரு பெருமூச்சு, அவரைச் செடி மிதிபடும் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

விடிந்ததும் இறங்கினோம். வாய்க்கால் ஓர ஈர மண்ணில் தாம்பாளம் மாதிரி தடம். அதற்குள் என் வலது கால் ஷூ அப்பளமாகக் கிடந்தது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம் வந்துவிடும் என்பது பழைய கணக்கு. டேப்புக்கு எங்கே போவது? என் சார்ஜர் வயரை எடுத்துச் சுற்றினேன். ஒரு மீட்டர் வயர் போதாமல் இன்னும் ஒன்றரைச் சாண் தேவைப்பட்டது. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஏறத்தாழ ஒன்பது அடி!

பரண் எட்டு.

"மாமா, அது நம்மளவிட ஒசரம்" என்று திரும்பினால், அவர் அங்கே இல்லை. வயலுக்குள் நின்று சாய்ந்த கதிர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழக்கு மூலையில் கால் ஏக்கர் போய்விட்டது. நிமிர்த்திய கதிர் கையை எடுத்ததும் மறுபடி சாய்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டு, விழுந்து கிடந்ததில் நல்ல கதிர்களாகப் பொறுக்கி முதுகுப் பையில் போட ஆரம்பித்தேன். பை நிறைந்தது.

"இழப்பீட்டுக்கு மனு போடணும். போட்டோ எடுங்க மாப்பிள்ளை" என்றார்.

எடுத்தேன். சாய்ந்த பயிர், முறிந்த அவரை, தடம். தடத்தை எடுக்கும்போது ஷூவை ஓரமாக நகர்த்தப் போனேன். தடுத்துவிட்டார்.

"அது இருக்கட்டும். அளவு தெரியும்ல."

மலை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மீதி ராகியை அறுக்கும்வரை எட்டு ராத்திரி காவல் இருந்தேன். இரண்டு நாள் லீவு பத்து நாளானதற்கு ஆபீஸில் வைரல் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். மானேஜர் இந்தப் பத்தியைப் படிக்கிறவர் இல்லை என்று ஒரு நம்பிக்கை.