ஒரு பிள்ளைக்கு ஒரு நோட்டு



மூன்றாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். பென்சில் பிடிக்க வராது, சட்டைப் பொத்தான் போட வராது. சோம்பேறி என்று திட்டியிருக்கிறேன். அதற்கென்றே ஆக்குபேஷனல் தெரபி என்று ஒரு சிகிச்சை இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெயரைப் பார்த்துத் தொழிற்பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிடுவது, உடுத்துவது, எழுதுவது, விளையாடுவது இவைதானே குழந்தைக்குத் தொழில்? அதைத் தானே செய்துகொள்ளப் பழக்கும் சிகிச்சை இது.

வசதியே இல்லை என்று சொல்லமாட்டேன். 2013 முதல் உள்ள ஆர்.பி.எஸ்.கே. திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்ப வேண்டும். இது சுகாதாரத் துறை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் கல்வித் துறை. அடையாள அட்டை, உதவித்தொகை, புதிதாக வரும் 'விழுதுகள்' மையங்கள் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை.

இந்த மூன்று வாசலையும் இணைப்பது யார்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலையும் தாய்தான். பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்கு மேல். நடவு நேரத்தில் ஒரு நாள் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. இரண்டு தடவை வந்து நின்றுவிட்டால் அக்கறையில்லாதவள் என்கிறோம்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் கடைமடை நனையுமா? முறை வைத்துத் திறந்துவிட ஆள் வேண்டாமா?

கர்ப்பிணிக்கு பிக்மி எண் உண்டு, விசாரிக்கக் கிராம சுகாதார செவிலியர் உண்டு. அதுபோல இந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒருவரை வையுங்கள். சிறப்பாசிரியராகவே இருக்கட்டும், ஆனால் அவருடைய மற்ற வேலைகளைக் குறையுங்கள். பிள்ளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். இந்த வாரம் என்ன பழக்க வேண்டும் என்று சிகிச்சையாளர் அதில் எழுதட்டும். செய்ததை அம்மாவும் வகுப்பாசிரியரும் குறிக்கட்டும். சிகிச்சை நாளை நடவு, அறுப்பு பார்த்து வட்டார அளவில் வையுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். அதனால்தான் நோட்டு வேண்டும் என்கிறேன். சிகிச்சையாளரிடம் பிள்ளை இருப்பது ஒரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும்தான். டிபன் பாக்ஸ் மூடி திறப்பதும் பொத்தான் போடுவதும் அங்கேதான் நடக்கும். அவர் சொன்னது அங்கே தெரியாவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் வீண்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அவன் விரல்களைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.