வறுமையை வாழ்த்துவோர்க்கு ஒரு மறுப்பு

எழுத விழையும் இளைஞனுக்கு நம் மேடைகள் ஓயாது வழங்கும் அறிவுரைகள் இரண்டு. வேலையை உதறிவிட்டு இலக்கியத்திற்கே உன்னை ஒப்படைத்துவிடு என்பது ஒன்று. கைப்பணம் போட்டேனும் முதல் நூலை உடனே வெளிக்கொணர் என்பது மற்றொன்று. இரண்டும் தீமை பயப்பன என்பது என் துணிபு. இருபது ஆண்டுகளாக நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலந்தள்ளுபவன் வேறெவ்வாறு பேசுவான் என அன்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். 'எழுத்தர்' என்ற சொல்லைக் கேட்டு என்னை எழுத்தாளன் என மயங்கியோரும் உளர். அம்மயக்கத்தை நான் விரைந்து திருத்தியதில்லை.

வைட்ஃபீல்டில் எங்கள் தெருவில் வாழும் தம்பி ஒருவர், மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர், அண்மையில் என் இல்லம் வந்தார். பணிவிலகல் கடிதம் எழுதி வைத்திருந்தார். "புதுமைப்பித்தன் பட்டினி கிடந்தல்லவா அண்ணா, அத்தனை கதைகளை எழுதினார்?" என்று கேட்டார். யாரோ ஒருவர் மேடையில் அவ்வாறு முழங்கக் கேட்டு வந்திருக்கிறார். முழங்கியவர் வீட்டு உலையில் அன்றும் அரிசி கொதித்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

உண்மை யாது? புதுமைப்பித்தனின் கதைகளில் மிகப் பல, அவர் 'தினமணி'யில் ஊதியம் பெற்றுப் பணியாற்றிய ஆண்டுகளில் பிறந்தவை. அப்பணியை விட்டபின் திரைப்படத் துறையை நாடினார், சொந்தமாகப் படக்கம்பெனி தொடங்கி நட்டமுற்றார், 'ராஜமுக்தி' படத்திற்கு எழுதப் புனே சென்றார், காசநோயோடு திரும்பினார். 1948-இல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. மனைவியும் சிறு குழந்தையும் எஞ்சினர். வறுமை அவருக்குத் தந்த கதை எது? அது பறித்துக்கொண்ட கதைகளையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னும் இருபது ஆண்டுகள் உண்டு உடுத்து வாழ்ந்திருந்தால் தமிழ்ச் சிறுகதை எங்கே போயிருக்கும்!

பாரதியாரைக் காட்டி மடக்குவோரும் உளர். அப்பெருமகனார் வறுமையை விரும்பினாரா? தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் படிகள் அச்சிட வேண்டும் எனத் திட்டமிட்டு, அதற்குக் கடன் கேட்டு 1920-இல் சுற்றறிக்கை விடுத்தவர் அவர். கணக்குப் போடத் தெரிந்த கவிஞர்! பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே மறைந்தார். தமிழர் கொடாமற் போனதைத் தமிழ்க் கவிதையின் தவமாக்கிப் போற்றுவது நாணமற்ற செயலன்றோ?

சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' இதழை நடத்தியதையும், நூல்களைத் தாமே சுமந்து சென்று விற்றதையும் கண்ணீர் மல்கப் பேசுகிறோம். அவருடைய 'சுதந்திர தாகம்' 2001-இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றபோது அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சுமந்தபோது ஒரு படி வாங்கியிருந்தால் கண்ணீரை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

இனி, மாற்றுச் சான்றுக்கு நெடுந்தொலைவு போக வேண்டா. எங்கள் வைட்ஃபீல்ட் நிலையத்திலிருந்து கிழக்கே ஓடும் இருப்புப் பாதையில் உள்ளது மாலூர். அவ்வட்டத்திற் பிறந்தவர் மாஸ்தி வேங்கடேச ஐயங்கார். வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதியவர். கன்னடச் சிறுகதையின் தந்தை என்றே அவரைப் போற்றுவர். மைசூர் அரசின் குடிமைப் பணியில் இருந்துகொண்டே கதையும் கவிதையும் நாடகமும் படைத்தார். 1983-ஆம் ஆண்டின் ஞானபீட விருது பெற்றார். 1943-இல் பணி துறந்தார் என்பது மெய். ஆயின் இலக்கியத்திற்காக அன்று. உரிய உயர்வு மறுக்கப்பட்டமையால் துறந்தார். நம் காலத்திலோ பாவண்ணன் தொலைபேசித் துறையில் பணிபுரிந்தவாறே சிறுகதையும் நாவலும் எழுதினார். பைரப்பாவின் 'பர்வ' நாவலைத் தமிழாக்கி அகாதமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளையிலிருந்து கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் உ.வே.சா. வரை இப்பட்டியல் நீளும்.

அரசு ஊழியன் எழுதலாமா என அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. 1964-ஆம் ஆண்டின் நடுவணரசு ஊழியர் நடத்தை விதிகளில் 15-ஆம் விதி, கடமை கெடாதவாறு அவ்வப்போது இலக்கியப் பணி செய்ய முன் அனுமதி வேண்டா என்கிறது. விதியே வழிவிடுகிறது, நாம்தான் நேரமில்லை என்கிறோம். காலை வண்டியில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் நான் ஒரு பக்கம் எழுதுவேன். கதைமாந்தரைத் தேடி அலைந்ததும் இல்லை. கணவனை இழந்து குடும்ப ஓய்வூதியம் வேண்டி வரும் மூதாட்டி, 'உயிரோடிருக்கிறேன்' எனச் சான்று காட்ட வரும் முதியவர் என நாள்தோறும் என் மேசைக்கே வருகின்றனர். அவர்தம் பெயர்கள் கோப்பிலேயே இருக்கும். பெருமூச்சு மட்டும் என்னோடு வீடு வரும்.

பதிப்புப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியுண்டு, ஏமாந்தவன் நான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சீட்டெடுத்து என் மனைவி சேர்த்த 38,000 ரூபாயைப் பதிப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டா. அச்சிட்ட ஐந்நூறு படிகளையும் என் வீட்டிலேயே இறக்கிவிட்டு, "விற்பனை உங்கள் பொறுப்பு" என்றார். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கெனத் தனியே இரண்டாயிரம் பெற்றார். அவ்வெண்ணை நடுவணரசு கட்டணமின்றி வழங்குகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன்! அரசு அலுவலகத்திலேயே இருந்தும் அறியாத மடமையை யாரிடம் சொல்வது?

ஆகவே தம்பிக்கு இவ்வளவே சொன்னேன். பணம் கேட்பவர் பதிப்பாளர் அல்லர். அச்சுக் கூலி பெறுபவர். நண்பர்க்கு வழங்கவே விருப்பமெனில், இன்று ஐம்பது படிகள் மட்டும் அச்சிடவும் வழியுண்டு. முதலில் இதழ்களுக்கு அனுப்புக. திரும்பி வந்தால் திருத்துக. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். உரிமையை எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுக்கிறோம் என்பதைக் குறிக்காவிடின், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு எனக் கொள்கிறது. 'என்றென்றைக்கும்' என்று அச்சடித்த தாளில் கையொப்பமிட்டுவிட்டால் அச்சட்டமும் கைகொடாது.

தம்பி கடிதத்தை அனுப்பவில்லை. எழுதுகிறாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை. என் கட்டிலுக்கடியில் எண்பத்தேழு படிகள் எஞ்சியுள்ளன. சிலவற்றைக் கறையான் முன்னரே படித்துவிட்டது. விரும்பும் அன்பர்கள் ஞாயிறன்று வந்து எடுத்துச் செல்லலாம். விலை வேண்டா.