பதினோராம் வகுப்பை யாருக்குக் கொடுப்பது?

ஆண்டு மலரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் எழுதினால் அது பிரியாவிடைக் கட்டுரையாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் பள்ளியில் எழுதப்படாத சட்டம். வேப்ப மரத்தடி, பிரார்த்தனை மணி, ஆசிரியைகளின் கண்டிப்பு, கடைசியில் கண்ணீர். இவையெல்லாம் எங்கள் நெஞ்சிலும் உண்டு. ஆயினும் இவ்வாண்டு எங்களுக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. அது எங்களுக்குப் பின்னால் வரும் தங்கைகளைப் பற்றியது.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு அரசு தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி பதினோராம் வகுப்புக்கு இருந்த அரசுப் பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டது. அத்தேர்வை எழுதிய கடைசி அணியினர் நாங்களே. "உங்களோடு போயிற்று அக்கா!" என்று தங்கைகள் துள்ளியபோது எங்களுக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. அவர்களுக்கு முழுதாக ஓராண்டு கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டு யார் கைக்குப் போகப் போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

அத்தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிடலாகாது. 2017-18 கல்வியாண்டில் அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம், பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடநூலைப் பிரித்தும் பாராமல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் உருப்போட வைத்து வந்ததுதான். அவ்வாறு படித்தவர்கள் மதிப்பெண்ணை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய், கல்லூரி முதலாண்டில் அடிப்படை தெரியாமல் விழித்தார்கள். இப்போது தேர்வு போய்விட்டது. பழைய நோய் திரும்பி வராது என்பதற்கு என்ன உறுதி? காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு கோச்சிங், இடையில் பள்ளி என்று அந்த ஓராண்டும் கரைந்துபோக எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அதற்கு முன்பாக நாங்கள் ஒரு விண்ணப்பம் வைக்கிறோம்: பதினோராம் வகுப்பில் விரும்புகிற மாணவி எவளும், தான் விரும்புகிற ஒரே ஒரு பாடத்தைக் கல்லூரித் தரத்தில் படிக்க வழி செய்யுங்கள்.

"பள்ளிக்கூடத்தில் கல்லூரிப் பாடமா?" என்று புருவத்தை உயர்த்துவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள சுவர் இன்று இருக்கும் இடத்தில் எப்போதும் இருந்ததில்லை. ஒரு காலத்தில் மெட்ரிகுலேஷனுக்குப் பின் எஃப்.ஏ. என்று கல்லூரியில் இரண்டாண்டுகள். அது மாறி இன்டர்மீடியட். 1950-களில் அதுவும் போய்ப் புகுமுக வகுப்பு என்னும் பி.யு.சி. அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பதே பதினோராம் வகுப்புதான். அதை முடித்தவர் கல்லூரிக்குப் போய் ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்த பிறகே பட்டப் படிப்பில் சேர முடியும். 1978-இல் அந்தப் புகுமுக வகுப்பு எடுக்கப்பட்டு, பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு வந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ அணி தேர்வெழுதியது. ஆக, நாங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் வகுப்பறையே கல்லூரியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுதான்!

இந்த இடமாற்றம் பெண்களுக்கு என்ன செய்தது என்பதை எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நேரே கேட்டோம். மந்தைவெளியில் இருக்கிறது அந்த வீடு. அவளுடைய பாட்டி 1972-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார், கணக்கில் நல்ல மதிப்பெண். புகுமுக வகுப்பில் சேர விண்ணப்பமும் வாங்கியாயிற்று. "காலேஜா? புது இடம், புது ஜனம். தினமும் யார் கொண்டுவிட்டுக் கூட்டி வருவது?" என்றாராம் அவருடைய அப்பா. அத்தோடு சரி. பாட்டியின் தங்கை ஒன்பது வயது இளையவர். அவர் 1981-இல் பத்தாம் வகுப்பு முடித்தபோது பிளஸ் டூ அதே கான்வென்டில் வந்துவிட்டது. அதே வாசல், அதே சிஸ்டர்கள், பாவாடைக்கு மேல் ஒரு தாவணி மட்டும் கூடுதல். அப்பாவுக்கு மறுப்புச் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. 1983-இல் பிளஸ் டூ தேறினார். "இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், இனி நிறுத்துவானேன்?" என்று அதே அப்பாவே பி.காம். சேர்த்துவிட்டார். சின்னப் பாட்டி வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மூத்த பாட்டி இன்றைக்கும் மளிகைக் கடைச் சீட்டைப் பேனா இல்லாமல் கூட்டிக் கடைக்காரரின் தவற்றைக் கண்டுபிடிக்கிறார்.

இருவருக்கும் ஒரே அப்பாதான். இடையில் மாறியது வகுப்பு நடந்த இடம் ஒன்றே. ஒரு படிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதைப் போலவே அது எந்த வாசலுக்குள் நடக்கிறது என்பதும் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. 1978-இல் ஒரு படி நகர்ந்த சுவரை இன்று இன்னும் அரைப்படி நகர்த்தக் கேட்கிறோம், அவ்வளவே.

கல்லூரிப் பாடம் பள்ளிப் பிள்ளைக்கு எட்டாது என்பாருக்குக் கும்பகோணத்தை நினைவூட்டுவோம். 1903 வாக்கில் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இராமானுஜன் கையில் கார் என்பவர் தொகுத்த உயர்கணித நூல் ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களும் சூத்திரங்களும் அடங்கிய புத்தகம். பெரும்பாலும் விளக்கமே கிடையாது. அதைத் தானே ஒவ்வொன்றாக நிறுவிப் பார்த்ததில்தான் அந்த மேதை விழித்தெழுந்தார். அதே இராமானுஜன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. தேர்வில் தவறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாரும் இராமானுஜன் ஆகிவிடுவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கைக்கு அந்தப் புத்தகம் அதிர்ஷ்டத்தால் வந்தது. அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பெண்கள் காத்திருப்பது?

அந்தப் புத்தகத்துக்கு நிகரானவை இன்று நம்மைச் சுற்றிலும் கிடக்கின்றன. அடையாற்றை அடுத்து ஐ.ஐ.டி., 1962-இல் தொடங்கி இன்று தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனம், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். கடற்கரையில் 1914-இல் தொடங்கிய இராணி மேரிக் கல்லூரி, கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ். எல்லாமே ஒரு பேருந்துப் பயணத்தில். அதுவும் 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. இன்னொரு வேடிக்கை. பேராசிரியர் சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் தொடங்கிய கணிதப் பள்ளி, இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம், 2005-இல் சிறுசேரிக்குப் போகும் வரை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில்தான் இருந்தது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன நம் அம்மாக்களில் எத்தனை பேர் அதன் வாசலைத் தாண்டி நடந்திருப்பார்களோ! உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இணையத்திலும் கதவு திறந்தே இருக்கிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களை யாரும் காசில்லாமல் கேட்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் பள்ளி மாணவரும் சேரத்தக்க ஒரு கணிதப் பயிற்சியை இணையவழியில் இலவசமாகத் தொடங்கியது. அதன் தரவு அறிவியல் பட்டப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே தகுதி பெற்றுவிட்டு, பள்ளி முடித்ததும் சேரலாம்.

பிறகென்ன குறை என்பீர்கள். எங்கள் வகுப்பு வணிகவியல் பிரிவில் ஒருத்தி இருக்கிறாள். பொருளாதாரத்தில் அவளுக்கு அப்படியொரு ஆசை. என்.பி.டெல். விரிவுரைகளைக் கேட்கிறாள், எப்போது? இரவு ஒன்பதரைக்கு அப்பா வேலையிலிருந்து வந்து கைப்பேசியைக் கொடுத்த பிறகு. தம்பி கணக்குப் பாடம் பார்த்து முடித்தபின் அவள் முறை. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். பாதி விரிவுரையில் நிற்கும் அவளுடைய படிப்பு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடங்குகிறது, சில நாள் தொடங்குவதும் இல்லை. அதே நேரத்தில் நம் கணினி அறை மாலை நான்கு மணிக்குப் பூட்டப்பட்டு, சனிக்கிழமை முழுதும் பூட்டியே கிடக்கிறது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது இதுதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய வாய்ப்பு ஏதேனும் பள்ளிக்கு வந்தால், முதல் பத்து ரேங்க் வாங்கியவர்களின் பெயரை எழுதி அனுப்புவதே வழக்கமாக இருக்கிறது. ஆசிரியைகள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் ரேங்க் வாங்குகிறவள் வேறு, ஒரு பாடத்தில் பைத்தியமாக இருப்பவள் வேறு. சில சமயம் இருவரும் ஒருத்தியாகவே இருக்கலாம். பல சமயம் இல்லை. மேலும், உயர்படிப்பு என்றாலே கணக்கும் கணினியும்தானா? கல்வெட்டும் நாணயமும் படிக்கக் கற்றுத் தரும் வரலாறு, செடிகளை இனம் பிரிக்கும் தாவரவியல், மொழியியல், சட்டம் இவற்றுக்கெல்லாம் ஏங்குகிற பெண்கள் மூன்றாம் பிரிவில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதே இல்லை என்பது எங்கள் மனத்தாங்கல்.

அமெரிக்காவில் பள்ளி மாணவர் கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வெழுதும் ஏற்பாடு 1950-களிலிருந்தே உண்டு. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்று அதற்குப் பெயர். அங்கும் அது முதலில் வசதியுள்ள பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில், ஏழை மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த கார்ஃபீல்டு பள்ளியில், பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியர் நுண்கணிதம் கற்பித்தார். 1982-இல் அவருடைய மாணவர் 18 பேரும் தேறினார்கள். தேர்வு நடத்தியவர்களால் நம்ப முடியவில்லை. 14 பேர் காப்பியடித்ததாகச் சந்தேகப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் மீண்டும் எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். அந்தப் பிள்ளைகளை ரேங்க் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அந்த வகுப்பில் இருந்திருப்பார்கள்?

எங்கள் வகுப்பிலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. "இருக்கிற சுமை போதாதா? முதலில் எங்களைத் தூங்க விடுங்கள்" என்றாள் ஒருத்தி. கைதட்டலும் அவளுக்குத்தான் அதிகம். அவள் சொன்னதில் நியாயம் நிறைய இருக்கிறது. காலை ஐந்துக்கு எழுந்து, இரண்டு டியூஷனும் வீட்டு வேலையும் பார்க்கும் பெண்ணிடம் இன்னொரு பாடத்தை நீட்டுவது கொடுமை. மேலும் இது நாளைக்கே இன்னொரு கோச்சிங் ஆகிவிடலாம். கட்டணம், தேர்வு, பளபளப்பான தாளில் ஒரு சான்றிதழ், அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது என்று போய்விடலாம். நிறைய விவாதித்த பின் நாங்கள் வந்த முடிவு இது: மதிப்பெண் வேண்டாம், கட்டாயம் வேண்டாம், நடுவில் விட்டுவிட்டால் ஏன் என்று கேட்கவும் வேண்டாம். தூங்க விரும்புகிறவள் தூங்கட்டும். அவளை எழுப்பக் கூடாது என்பதில் எங்களுக்கு முழுச் சம்மதம். விழித்திருப்பவளுக்குத்தான் கதவைத் திறக்கச் சொல்கிறோம்.

ஆசிரியைகளின் சுமை பற்றியும் தெரியாமலில்லை. விடைத்தாள் திருத்துவது போதாதென்று இணையத்தில் பதிவேற்றும் வேலைகளும் அவர்கள் தலையில்தான். ஆகவே புதிதாகப் பாடம் நடத்தும்படி அவர்களைக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை கணினி அறையும் நூலகமும் திறந்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியை உடனிருந்தால் போதும். அவருக்கு அந்த நேரத்துக்கு ஈடாக வேறொரு நாள் ஓய்வு தரலாம். மாதம் இருமுறை அருகிலுள்ள மகளிர் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து ஐயம் தீர்க்கலாம். அல்லது நம் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து அங்கே போய் முதலாண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் ஒரே மதிப்புப் புள்ளிக் கணக்கில் சேர்க்கும் கட்டமைப்பு ஒன்று 2023-இல் தேசிய அளவில் வெளியாகியிருக்கிறது. அது நம் பள்ளி வரை வரும்போது வரட்டும். சனிக்கிழமைச் சாவிக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "எத்தனை பேர் வருவீர்கள்? பெயரோடு சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றார். ஆகவே நூலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சூன் மாதம் பதினோராம் வகுப்புக்கு வரும் தங்கைகள், எந்தப் பிரிவாயினும் சரி, தங்கள் பெயரையும் படிக்க விரும்பும் பாடத்தையும் அதில் எழுதலாம். ரேங்க் எழுத அதில் இடம் விடவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்று வரை இருபத்திரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்பது பேர் கணினி, ஐந்து பேர் பொருளாதாரம், நான்கு பேர் தாவரவியல், மூவர் சட்டம், ஒருத்தி கல்வெட்டு.