கூலிக்கு வாங்கிய கையெழுத்து

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தலைவர் அறிவிப்பதில்லை. அதற்கென்று தனியாக ஒரு முதற்கட்டத் தேர்தல் உண்டு. அந்த வாக்குச் சீட்டில் பெயர் ஏறவே பல மாநிலங்களில் வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கு (நம்மூர் முதலமைச்சரைப் போன்ற பதவி அது) 15,000 கையெழுத்து.

2022ல் குடியரசுக் கட்சியில் இதற்கு 10 பேர் மனுச் செய்தார்கள். 5 பேரின் பெயர் சீட்டில் ஏறவேயில்லை! அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிரெய்க். டெட்ராய்ட் நகரக் காவல்துறையின் முன்னாள் தலைவர். கொடுத்தது 21,000க்கும் மேல். தேறியது 10,000 சொச்சம்.

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? கையெழுத்து வாங்கும் வேலையைக் கூலி ஆட்களிடம் விட்டிருந்தார்கள். 36 ஆட்கள் பல வேட்பாளர்களுக்காகக் கொண்டுவந்ததில் 68,000 கையெழுத்துக்கள் செல்லாதவை என்று மாநிலத் தேர்தல் பிரிவு கண்டது. தாள் முழுக்க ஒரே கையின் எழுத்து! மரணித்தவர்களின் பெயர்கூட இருந்தது.

வேட்பாளர்களுக்கு இது தெரிந்திருந்ததாகக் கருத இடமில்லை என்றும் அதே பிரிவு சொன்னது. இருக்கட்டும். வியாபாரிகளே, வேலையாள் கொண்டுவந்த சரக்கை எண்ணிப் பார்க்காமல் கல்லாவைத் திறக்கும் முதலாளியிடம் நீங்கள் கடையை ஒப்படைப்பீர்களா? ஒரு மாநிலத்தையே ஒப்படைக்கச் சொன்னார்கள்! தொண்டன் வீடுவீடாக ஏறி இறங்கியிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா?

விசாரித்த வாரியம் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தது. பெரும்பான்மை இல்லாததால் பெயர் ஏறவில்லை. நீதிமன்றமும் கைவிட்டது. 'என் பெயரை நீங்களே எழுதி வாக்களியுங்கள்' என்று கேட்டுப் பார்த்தார் கிரெய்க். ஆகஸ்டில் வென்றவர் டியூடர் டிக்ஸன்.